உறுப்பின் மேற்பரப்பில் அச்சு: வரைபடத்தில் அதனைக் குறிக்கும் முறை

யந்திர உறுப்பு ஒன்றின் வரைபடம் அதன் நீளம், அகலம், கனம், துளைகள் ஆகியவற்றைக் கூறினால் போதும் என்று கருதுவோர் பலர். உறுப்பின் மேல் அச்சிடப்படும் எழுத்தும் எண்ணும் கோடும் வெறும் அலங்காரம் என்பதும், அவற்றை அச்சிடுவோர் பார்த்துக்கொள்வர் என்பதும் அவர்களுடைய எண்ணம். ஆனால் அளவுகோலின் கோடுகளை அழித்துவிட்டால் எஞ்சுவது ஒரு மரச்சட்டமே. மழைமானியின் அளவு ஜாடியில் கோடுகள் இல்லையெனில் அது வெறுங் கண்ணாடிக் குவளையாகும். இத்தகைய பொருள்களில் அச்சே உறுப்பின் பயன். ஆகவே, அவ்வச்சு எந்த இடத்தில், எதனை ஆதாரமாகக் கொண்டு, எவ்வளவு பிழைக்குள் அமைய வேண்டும் என்பதை வரைபடம் கூறியே ஆகவேண்டும். கணிப்பொறியைக் கொண்டு உறுப்புக்களின் முப்பரிமாண மாதிரிகளைத் தயாரிக்கும் இக்காலத்தில் இதனை எவ்வாறு கூறுவது என்பதைக் கீழே காண்போம்.

பெங்களூரில் செய்த கைக்கடிகாரம்

இதற்குத் தக்க உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. மத்திய அரசாங்கம் 1953-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. கடைசல் யந்திரம் முதலிய யந்திரக் கருவிகளைச் செய்வதே அதன் முதல் நோக்கம். 1961-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் அங்கு ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையும் அமைந்தது. முதற் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். பின்னர் துமகூர், ஸ்ரீநகர், ராணிபாக் ஆகிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்னும் பெயர்களில் வந்த கடிகாரங்களை அறியாத குடும்பம் அந்நாட்களில் அரிது. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய மந்திரி சபை 2016 ஜனவரியில் அனுமதி அளித்தது. அந்நிறுவனத்தின் வரலாற்றைக் காட்டும் காட்சிசாலை ஒன்று 2019-ஆம் ஆண்டில் பெங்களூரில் திறக்கப்பட்டது. சாவி கொடுத்தால் ஓடும் எச்.எம்.டி. கடிகாரங்கள் பல வீடுகளில் இன்றும் உள்ளன. வாசகர்கள் அவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படித்தால் பொருள் எளிதில் விளங்கும்.

கடிகாரத்தின் முகப்புத் தகட்டை டயல் என்பர். அது மெல்லிய பித்தளை வட்டம். அதன் நடுவே முட்களின் அச்சாணி வெளிவருவதற்கு ஒரு துளை உண்டு. பின்புறத்தில் கால்கள் எனப்படும் இரண்டு சிறு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இக்கால்கள் கடிகார யந்திரத்தின் தளத்தட்டிலுள்ள இரு துளைகளில் நுழைந்து நிற்பதனால் முகப்பு எப்பக்கமும் நகராது, திரும்பாது. முன்புறத்தில் எண்களும், 60 நிமிஷக் கோடுகளும், பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே வகை யந்திரத்தின் மேல் வெவ்வேறு முகப்புக்களைப் பொருத்தி வெவ்வேறு கடிகாரங்களாக விற்பது கடிகாரத் தொழிலில் வழக்கம். ஜனதா கடிகாரத்திலேயே தேவநாகரி எண்களைத் தாங்கிய முகப்பும் உண்டு. உலோக வேலை மாறாமல் அச்சு மட்டும் மாறுவதை இங்குக் காண்கிறோம்.

முகப்பில் அச்சிடும் முறை விந்தையானது. எஃகுத் தகடு ஒன்றில் எழுத்துக்களும் கோடுகளும் மிகக் குறைந்த ஆழத்திற்குக் குழித்துப் பொறிக்கப்படும். அக்குழிகளில் மையை நிரப்பி, மேலே படிந்த மையை அலகினால் வழித்துவிடுவர். பின்பு மென்மையான சிலிக்கோன் ரப்பர்த் திண்டு ஒன்று தகட்டின் மேல் அழுந்தி மையை எடுத்துக்கொண்டு சென்று முகப்பின் மேல் ஒற்றிவிடும். முகப்பு அப்போது தன் இரு கால்களால் ஜிக் என்னும் தாங்கியில் நிறுத்தப்பட்டிருக்கும். இவ்வாறு படியும் மையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்னும் அளவினதே.

எந்தப் பிழை பெரிது?

அச்சு தன் இடத்தினின்று விலகுவது இரு வகையில் நிகழலாம். கோடுகளின் வட்டம் நடுத் துளையைச் சுற்றிச் சிறிது திரும்பிவிடுவது ஒரு வகை. வட்டத்தின் மையம் துளையின் மையத்தினின்று ஒரு புறமாக நகர்ந்துவிடுவது மற்றொரு வகை. இவ்விரண்டில் எது அதிகத் தீமை விளைவிப்பது?

திரும்பிய அச்சு கண்ணுக்கு உடனே தெரியும். 12 என்னும் எண் வார்ப்பட்டையின் நேரே நில்லாது சாய்ந்து தோன்றும். தேதி காட்டும் துளை உள்ள முகப்பில் அத்துளையைச் சுற்றி அச்சிட்ட கட்டம் துளையுடன் பொருந்தாது. எனினும் நேரம் பார்ப்பதில் கெடுதல் இல்லை. ஏனெனில் முட்களைப் பொருத்துபவர் அவற்றை அச்சிட்ட 12-க்கு நேராகவே பொருத்துவார்.

நகர்ந்த அச்சின் தன்மை வேறு. நிமிஷக் கோடுகளின் வட்டத்திற்கு ஆரம் 14 மில்லிமீட்டர் என்றும், அதன் மையம் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது என்றும் கொள்வோம். 0.2-ஐ 14-ஆல் வகுத்தால் எழுபதில் ஒரு பங்கு வரும். கோணத்தில் இது ஏறக்குறைய 0.8 பாகை. நிமிஷ முள் ஒரு நிமிஷத்தில் 6 பாகை செல்வதாதலால் பிழை சுமார் 8 விநாடி ஆகும். இப்பிழை முகப்பின் ஒரு பக்கத்தில் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் வரும். ஆகையால் முள்ளை எப்படித் திருப்பி வைத்தாலும் இதனை நீக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் பிழை சரிசெய்யத்தக்கதாகவும், தெரியாத பிழை சரிசெய்ய இயலாததாகவும் இருப்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

அழுத்தமானி போன்ற கருவிகளில் நிலை மாறுபடும். அவற்றில் முள்ளின் பூஜ்ய நிலையை யந்திரமே நிர்ணயிக்குமானால், முகப்பின் அச்சு திரும்பியிருப்பதும் அளவைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வோர் உறுப்பிலும் அச்சு எதனுடன் தொடர்புகொண்டு பயன் தருகிறதோ அதனையே ஆதாரமாகக் கொண்டு வரைபடத்தில் அளவிடுதல் வேண்டும். தொழிற்சாலையில் இதனை டேட்டம் என்பர். கடிகார முகப்பில் நடுத் துளை முதல் ஆதாரம். கால்கள் இரண்டாம் ஆதாரம். தகட்டின் வெளி விளிம்பு அளப்பதற்கு எளிதாயினும் ஆதாரமாகாது. விளிம்பினின்று அளவிட்டால், விளிம்பை வெட்டுவதில் நேரும் பிழையும் அச்சின் பிழையுடன் சேர்ந்துகொள்ளும்.

கணிப்பொறி மாதிரியில் அச்சு

காகிதத்தில் வரைந்த காலத்தில் அச்சைக் காட்டுவது எளிதாயிருந்தது. எழுத்தும் கோடு, உறுப்பின் விளிம்பும் கோடு. இரண்டையும் ஒரே பேனாவால் வரையலாம். கணிப்பொறியில் உருவாக்கும் மாதிரியோ கனம் உடைய திண்மப் பொருள். கனமே இல்லாத மையை அதில் எவ்வாறு வைப்பது என்ற கேள்வி எழுகின்றது. இதற்கு நான்கு வழிகள் கையாளப்படுகின்றன.

முதல் வழி, அச்சின் படத்தை மாதிரியின் மேல் ஒட்டுதல். பார்வைக்கு இது பொருளைப் போலவே இருக்கும். விளம்பரத்திற்கும் கையேடுகளுக்கும் ஏற்றது. ஆனால் படத்தில் அளவெடுக்க இயலாது. மாதிரியை வேறொரு கம்பெனியின் கணிப்பொறிக்குப் பொதுக் கோப்பாக மாற்றி அனுப்பும்பொழுது படம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இரண்டாம் வழி, உறுப்பின் மேற்பரப்பையே எழுத்தின் உருவில் பிரித்துத் தனித்தனி முகங்களாக்குதல். இதனால் உறுப்பின் கன அளவு மாறாது. பொதுக் கோப்பிலும் உருவம் நிலைத்திருக்கும். அளவெடுக்கவும் முடியும். சில கோடுகளும் எண்களும் மட்டும் உள்ள உறுப்புக்கு இது சிறந்தது. நுண்ணிய எழுத்துக்கள் மிகுந்தால் மாதிரி கனத்து, கணிப்பொறி மந்தமாகும்.

மூன்றாம் வழி, எழுத்தைச் சிறிதளவு உயர்த்திக் காட்டுதல். பழகாதவர்கள் முதலில் நாடுவது இதுவே. இதில் அபாயம் உண்டு. மாதிரியைக் கொண்டு அச்சுவார்ப்புச் செய்பவர் அவ்வெழுத்தை உறுப்பிலேயே புடைத்து நிற்கும்படி வார்த்துவிடக் கூடும். மையாக இருக்க வேண்டியது உலோகமாகவோ பிளாஸ்டிக்காகவோ ஆகிவிடும். அதன் பின்னர் வார்ப்பைத் திருத்துவது பெருஞ் செலவு.

நான்காம் வழி, அச்சைத் தனி உறுப்பாகவே கருதிப் பாகங்களின் பட்டியலில் அதற்கென ஓர் எண் வழங்குதல். ஒட்டும் சீட்டுக்களுக்கு இது இயல்பான முறை. நேரே அச்சிடும் மைக்கும் பலர் இதனைக் கையாளுகின்றனர்.

இடம் வரைபடத்தில், வடிவம் அச்சுமூலத்தில்

எவ்வழியைப் பின்பற்றினாலும் ஒரு விதியை மறத்தலாகாது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரே ஒரு மூலம் இருத்தல் வேண்டும். எழுத்தின் வளைவு, கோட்டின் பருமன், சின்னத்தின் உருவம் ஆகியவை அச்சுமூலக் கோப்பு ஒன்றில் இருக்கட்டும். அவ்வச்சு உறுப்பின் மேல் அமையும் இடம், திசை, பிழை வரம்பு ஆகியவை வரைபடத்தில் இருக்கட்டும். வரைபடத்தில் தோன்றும் எழுத்துக்களின் உருவம் அறிகுறியாக மட்டுமே காட்டப்பட்டது என்றும், உண்மை உருவம் இன்ன எண்ணுள்ள அச்சுமூலத்தில், இன்ன திருத்தத்தில் உள்ளது என்றும் வரைபடத்திலேயே குறிப்பு எழுதுதல் வேண்டும்.

இரண்டு இடங்களிலும் முழு உருவத்தை வைத்தால் நேரும் தீமை யாது? என்றேனும் ஒருநாள் ஒன்று திருத்தப்படும். மற்றொன்று அப்படியே நிற்கும். அச்சிடுபவர் ஒன்றைப் பார்ப்பார். பரிசோதகர் மற்றொன்றைப் பார்ப்பார். இருவரும் தம் கடமையைச் சரிவரச் செய்தும் சரக்குத் தள்ளுபடியாகும்.

வரைபடத்தில் கூற வேண்டியவற்றைத் தொகுத்துரைக்கலாம். அச்சு அடங்கும் செவ்வகம் அல்லது வட்டத்தின் அளவு, ஆதாரத்தினின்று அதன் தூரம், திரும்பலுக்கும் நகர்தலுக்கும் தனித்தனியே அனுமதிக்கும் வரம்பு, மையின் நிறம், அச்சிடும் முறை, துடைத்தாலும் தேய்த்தாலும் அழியாமைக்கான சோதனை, அச்சுமூலத்தின் எண்ணும் திருத்த எண்ணும் ஆகியவை அவை. நிறத்தைச் 'சிவப்பு' என்று மட்டும் எழுதினால் போதாது. வர்ணப் பூச்சுக்களின் நிறங்களுக்கு எண் கொடுத்துள்ள ஐ.எஸ். 5 என்னும் இந்தியத் தரத்தையோ, அச்சுத்தொழிலில் வழங்கும் வேறு நிற அட்டவணையையோ குறிப்பிடுதல் நலம்.

பொது யந்திர வரைபடங்களுக்கான ஐ.எஸ். 696 என்னும் விதித்தொகுப்பை அந்நாளைய இந்தியத் தர நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமென எஸ்.பி. 46 என்னும் கைந்நூல் 1988-இல் வெளிவந்தது. கணிப்பொறி மாதிரியிலேயே அளவுகளையும் குறிப்புக்களையும் பொறிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 16792 என்னும் சர்வதேசத் தரம் 2006-இல் ஏற்பட்டது. கருவி மாறினும் கொள்கை ஒன்றே: அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லாத வரைபடம் முழுமையான வரைபடம் ஆகாது.

உடல் ஒன்று, அச்சு இரண்டு

அச்சு மட்டும் மாறும் உறுப்புக்களுக்குத் தனித்தனி எண் கொடுப்பது வீண் வேலை என்று சிலர் கருதக்கூடும். சுகாதாரத் துறையின் களப்பணியாளர் நன்கறிந்த ஒரு பொருளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இன்சுலின் செலுத்தும் 1 மில்லிலிட்டர் ஊசிக்குழல்கள் நம் நாட்டில் இரு வகையில் கிடைக்கின்றன. ஒன்றில் 40 அலகுகள் வரை கோடுகள் உண்டு. மற்றொன்றில் 100 அலகுகள் வரை. குழலின் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றே. கோடுகளும் எண்களுமே வேறு. மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ள மருந்தை 100 அலகுக் குழலில் 40 என்னும் கோடு வரை எடுத்தால், உள்ளே வருவது 0.4 மில்லிலிட்டர். அதில் அடங்கியது 16 அலகு மட்டுமே. நோயாளிக்கு வேண்டியதில் பாதிகூடச் சேராது. மாறாக, மில்லிலிட்டருக்கு 100 அலகு உள்ள மருந்தை 40 அலகுக் குழலில் 40 என்னும் கோடு வரை எடுத்தால் 100 அலகு உட்சென்று உயிருக்கே ஆபத்து விளையலாம். முன்னதற்குச் சிவப்பு மூடியும் பின்னதற்கு ஆரஞ்சு நிற மூடியும் இடுவது இம்மயக்கத்தைத் தவிர்ப்பதற்கே.

வெறும் திண்மப் பொருளாக மட்டும் குழலை நோக்கினால் இரு குழல்களையும் வேறுபடுத்த வழியில்லை. ஆகவே அச்சு வேறாயின் உறுப்பும் வேறு என்று கொண்டு, வேறு எண்ணும் வேறு வரைபடமும் வழங்குதல் இன்றியமையாதது.

நம் மொழி எழுத்துக்கள்

இந்திய மொழிகளில் அச்சிடும்பொழுது வேறொரு தொல்லையும் உண்டு. கணிப்பொறியில் எழுத்து என்பது வடிவமாக அன்றி ஒரு குறியெண்ணாகச் சேமிக்கப்படுகிறது. கோப்பைப் பெறுபவரின் கணிப்பொறியில் அதே எழுத்துரு இல்லையெனில் வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து அமரும். ஆங்கில எழுத்தாயின் தோற்றம் மட்டும் மாறும். தமிழிலும் கன்னடத்திலும் சொல்லே சிதையக் கூடும். 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு முன்னே வராமல் பின்னே சென்று நிற்கும்; புள்ளி தவறினால் 'கால்' என்பது 'கால' என்றாகும். கன்னடத்தில் அடியில் எழுத வேண்டிய ஒற்றெழுத்து பக்கத்தில் வந்து விழும்.

இதனைத் தடுக்க, அச்சுமூலத்தை அனுப்புமுன் எழுத்துக்களை எல்லைக்கோடுகளாக மாற்றிவிடுதல் வேண்டும். அதன் பின் அவை எழுத்தல்ல, வெறும் வரைகோடுகளே. எந்தக் கணிப்பொறியிலும் உருவம் மாறாது. ஆனால் அவ்வாறு மாற்றியபின் பிழை திருத்துதல் கடினமாதலால், மாற்றுவதற்கு முன்னரே அம்மொழி அறிந்த ஒருவர் படித்துப் பார்த்தல் வேண்டும். திருத்தத்தக்க மூலப்படி ஒன்றையும் பத்திரமாக வைத்தல் நலம்.

மையும் புள்ளியும்

எழுத்தை உயர்த்திக் காட்டுவது தவறு என்று மேலே கூறினோம். உயரமே பயனாக அமையும் இடங்களும் உண்டு. பார்வையற்றோருக்கான பிரெயில் கைக்கடிகாரங்களை எச்.எம்.டி. நிறுவனம் தயாரித்தது. அதன் முகப்பிலுள்ள புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டியவை.

பெங்களூரைச் சேர்ந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஹைதராபாதைச் சேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷனும் தயாரிக்கும் மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தில் இவ்வேறுபாடு தெளிவாகக் காணப்படுகின்றது. வாக்காளர் முன் வைக்கப்படும் பெட்டி ஒன்றில் 16 பொத்தான்கள் வரை அமையும். ஒவ்வொரு பொத்தானுக்கும் அருகே பிரெயில் எண் உண்டு. பிரெயில் புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது அச்சு அன்று, வடிவம். எனவே மாதிரியில் திண்மப் பொருளாகவே அமைத்து உயரத்தையும் இடைவெளியையும் அளவிட்டுக் காட்டுதல் வேண்டும். வேட்பாளரின் பெயரும் சின்னமுமோ காகிதத்தில் அச்சிட்டு, ஒளி ஊடுருவும் மூடியின் கீழ் வைக்கப்படுகின்றன. தொகுதிதோறும், தேர்தல்தோறும் அவை மாறும், பெட்டி மாறாது. ஆயினும் காகிதத்தின் ஒவ்வொரு வரிசையும் அதற்குரிய பொத்தானுக்கு நேரே நிற்றல் வேண்டும். வரிசையின் அகலத்திற்கும் பொத்தான்களின் இடைவெளிக்கும் உள்ள பொருத்தமே இங்கு வாக்காளரின் விருப்பம் சரியான இடத்தில் சேர்வதற்கு ஆதாரம்.

வகுப்பில் செய்து காட்டலாம்

ஆசிரியர்கள் மேற்கூறிய கடிகாரப் பிழையை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். கெட்டி அட்டையில் 7 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து, கோணமானியால் 6 பாகைக்கு ஒன்றாக 60 கோடுகள் இடவேண்டும். 12-இன் எதிரே நடுவில் ஒரு குண்டூசியும் அதில் ஒரு குச்சி முள்ளும் பொருத்துக. முதலில் அட்டையைச் சிறிது திருப்பி, முள்ளை மீண்டும் 12-க்கு நேராக வைத்து, அதிலிருந்து 90 பாகை திருப்பினால் அது சரியாக 15-ஆவது நிமிஷத்தைக் காட்டும். திரும்பல் பிழை மறைந்துவிட்டது.

பின்பு அட்டையை நேராக வைத்து, ஊசியை நடுவினின்று 12-ஐ நோக்கி 1 சென்டிமீட்டர் நகர்த்திக் குத்துக. முள் 12-லும் 6-லும் சரியாகவே காட்டும். மூலைமட்டத்தின் உதவியால் அதனை வலப்புறம் கிடைமட்டமாக வைத்தால், 15-க்குப் பதிலாக ஏறக்குறைய 13.6 நிமிஷம் காட்டும். இடப்புறம் வைத்தால் 45-க்குப் பதிலாக 46.4 காட்டும். ஒரு பக்கம் குறைவு, எதிர்ப்பக்கம் கூடுதல். முன்னர்க் கணக்கிட்ட கைக்கடிகாரத்தின் பிழையே இங்குப் பத்து மடங்காகக் காணப்படுகின்றது. இதனைக் கண்ட மாணவன், கோட்டை அழகாக வரைவது மட்டும் போதாது, எங்கிருந்து வரைவது என்பதே முதற் கேள்வி என்பதைத் தானே உணர்ந்துகொள்வான்.

களப்பணியாளர்கள் தாம் கையாளும் அளவு ஜாடி, ஊசிக்குழல், அழுத்தமானி ஆகியவற்றைப் பெறும்பொழுது பூஜ்யக் கோடு தன் இடத்தில் உள்ளதா, அச்சு விரலால் தேய்த்தால் அழிகின்றதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கமாகும். அக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால் விலகுவது மை மட்டுமன்று. மழையின் கணக்கும் மருந்தின் அளவும் உடன் விலகும்.